கதையை முடிப்பவர் மீது ஏன் இத்தனை சந்தேகம்?

நம் வாசகர் சந்திப்புகளில் ஒரு நாவலைப் பற்றி எதை வேண்டுமானாலும் சொல்லலாம். மொழி அடர்த்தியானது என்று சொல்லலாம். அக உலகத்தைத் தொடுகிறது என்று சொல்லலாம். ஒன்றுமே புரியவில்லை என்றால் 'மறுவாசிப்பைக் கோரும் பிரதி' என்று சொல்லிச் சமாளித்துக்கொள்ளலாம். ஆனால் "முடிவு ரொம்ப நிறைவா இருந்துச்சு" என்று மட்டும் வாய் தவறியும் சொல்லிவிடக் கூடாது. சொன்னால் எதிரில் இருப்பவர் முகத்தில் ஒரு சின்னச் சிரிப்பு வரும். பிள்ளை இன்னும் வளரவில்லை என்று பெரியவர்கள் சிரிப்பார்களே, அந்தச் சிரிப்பு.

அண்மையில் எனக்கும் அது கிடைத்தது. "முடிவு நிறைவா இருந்தா அது சினிமா தம்பி. இலக்கியம் எங்க முடியுது?" என்றார் நான் மிகவும் மதிக்கும் ஒரு மூத்த வாசகர். மேசையைச் சுற்றியிருந்த நாலைந்து தலைகளும் ஆடின. நான் பேசிக்கொண்டிருந்தது என்.கே. ஜெமிசினின் 'தி ஸ்டோன் ஸ்கை' பற்றி. அங்கிருந்தவர்களில் ஒருவர்கூட அந்த நாவலைத் திறந்து பார்த்தவர் இல்லை. ஆனால் அதன் முடிவு குறித்துத் தீர்ப்பு மட்டும் எல்லாரிடமும் தயாராக இருந்தது. இந்தக் கட்டுரை அந்தத் தலையாட்டலுக்கு எதிராக எழுதப்படுகிறது.

முடிவைச் சொல்லாமல் இதை வாதிட முடியாது. ஆகவே சொல்லத்தான் போகிறேன். 'ஸ்பாய்லர்' பயம் உள்ளவர்கள் படித்துவிட்டு வரலாம். எனக்கு அந்தப் பயத்தின் மீது பெரிய மரியாதை கிடையாது. கோவலன் மதுரையில் வெட்டுப்படுவான் என்று தெரிந்துதான் சிலப்பதிகாரத்தைப் படிக்கிறோம். விடிய விடியக் கூத்துப் பார்க்க உட்கார்ந்தவர் யாரும் அபிமன்யு பிழைப்பானா மாட்டானா என்று நகத்தைக் கடித்துக்கொண்டு இருந்ததில்லை.

ஜெமிசின் அமெரிக்கக் கறுப்பினப் பெண் எழுத்தாளர். 'புரோக்கன் எர்த்' என்ற வரிசையில் அவர் எழுதியவை மூன்று நாவல்கள்: 2015இல் 'தி ஃபிஃப்த் சீசன்', 2016இல் 'தி ஓபலிஸ்க் கேட்', 2017இல் 'தி ஸ்டோன் ஸ்கை'. மூன்றும் வரிசையாக 2016, 2017, 2018 ஆகிய ஆண்டுகளில் சிறந்த நாவலுக்கான ஹியூகோ விருதை வாங்கின. அதற்கு முன் தொடர்ந்து மூன்று முறை அந்த விருதை வாங்கியவர் எவரும் இல்லை. அந்தப் பிரிவில் வென்ற முதல் கறுப்பின எழுத்தாளரும் அவர்தான். அதே காலத்தில் ஹியூகோ வாக்கெடுப்பைக் கைப்பற்றி இப்படிப்பட்ட எழுத்துகளை ஓரங்கட்ட ஒரு கூட்டம் வரிந்துகட்டிக்கொண்டு நின்றதும், தோற்றதும் தனிக் கதை. விருதைக் காட்டி நான் யாரையும் மிரட்ட வரவில்லை. விருது வாங்கிய மோசமான நாவல்கள் நம் ஊரிலேயே நிறைய உண்டு.

கதை நடக்கும் நிலத்தின் பெயர் ஸ்டில்னஸ். அசைவற்றது என்று பெயர், ஆனால் ஓயாமல் அதிர்ந்துகொண்டிருக்கும் ஒற்றைப் பெருங்கண்டம். நூற்றாண்டுகளுக்கு ஒருமுறை எரிமலையோ பெருநடுக்கமோ வந்து சாம்பல் வானத்தை மூடிவிடும். ஆண்டுக்கணக்கில் வெயில் இல்லை, விளைச்சல் இல்லை. அதுதான் ஐந்தாம் பருவம். இந்த நிலத்தில் நடுக்கத்தை அடக்கவும் கிளப்பவும் முடிந்த சிலர் பிறக்கிறார்கள். ஒரோஜீன்கள் என்று அவர்களுக்குப் பெயர். அவர்களின் உழைப்பு இல்லாமல் தலைநகரம் நிலைத்து நிற்காது. ஆனால் அவர்கள் மனிதர்களே அல்லர் என்று எழுதி வைத்த சாசனம் அங்கே உண்டு. 'ரோக்கா' என்பது அவர்களைத் திட்டும் சொல். பெற்றவர்களே தங்கள் பிள்ளை ஒரோஜீன் என்று தெரிந்ததும் அடித்துக் கொல்வார்கள், அல்லது பயிற்சிக்கூடத்துக்குக் கொடுத்துவிடுவார்கள்.

முதல் நாவலில் ஓர் இடம். நெடுஞ்சாலைகளின் ஓரம் அங்கங்கே நிலையங்கள் இருக்கின்றன. அங்கே ஓர் ஒரோஜீன் இருந்து சுற்றுவட்டார அதிர்வுகளை அடக்கிக்கொண்டிருப்பார் என்பது எல்லாருக்கும் தெரிந்த செய்தி. யாரும் உள்ளே போய்ப் பார்த்ததில்லை. அலபாஸ்டர் என்பவன் சயனைட் என்ற இளம்பெண்ணை உள்ளே அழைத்துப்போய்க் காட்டுகிறான். கம்பி நாற்காலியில் கட்டிவைக்கப்பட்ட ஒரு குழந்தை. அதன் தலையில் எதையோ அறுத்து, தன்னுணர்வை எடுத்துவிட்டு, அடக்கும் திறனை மட்டும் மிச்சம் வைத்திருக்கிறார்கள். குழாய்கள் வழியாக உணவு. நாட்டின் நிம்மதியான உறக்கம் இந்த நாற்காலிகளின் மேல் நிற்கிறது. அலபாஸ்டர் பிற்பாடு கண்டத்தையே இரண்டாகப் பிளக்கிறான். அவன் மீது கோபப்பட முயன்று பார்த்தேன். முடியவில்லை.

இப்படி ஓர் உலகத்தை எழுப்பிவிட்ட எழுத்தாளருக்குக் கடன் ஏறிவிடுகிறது என்பதுதான் என் வாதம். கல்யாண வீட்டில் மொய் நோட்டு எழுதுகிறவர் போல, வாசகன் எல்லாவற்றையும் மனத்தில் குறித்துக்கொண்டே வருகிறான். நாற்காலிக் குழந்தை, ஒன்று. தாயின் கையால் இறந்த பிள்ளை, இரண்டு. தகப்பன் அடித்துக் கொன்ற மகன், மூன்று. ஏன் கதை முழுக்க 'நீ' 'நீ' என்று யாரோ யாரையோ அழைக்கிறார்கள் என்ற கேள்வி, நான்கு. மூன்று பாகங்களில் சுமார் 1,300 பக்கங்கள் இந்தக் கணக்கை ஏற்றிவிட்டு, கடைசியில் 'வாழ்க்கை என்பதே புதிர்தானே' என்று கையை விரித்தால் அதற்குப் பெயர் இலக்கிய நுட்பம் இல்லை. கடன் வாங்கியவர் வீட்டைப் பூட்டிக்கொண்டு போய்விட்டார், அவ்வளவுதான்.

ஜெமிசின் பூட்டிக்கொண்டு போகவில்லை. அந்த 'நீ'யை மட்டும் எடுத்துக்கொள்வோம். முதல் நாவலில் எஸ்சுன் என்ற நடுத்தர வயதுப் பெண்ணின் கதை முன்னிலையில் சொல்லப்படுகிறது. நீ வீட்டுக்கு வருகிறாய், உன் மகன் தரையில் கிடக்கிறான், கணவன் மகளைத் தூக்கிக்கொண்டு போய்விட்டான் என்கிற மாதிரி. கூடவே டமாயா என்ற சிறுமியின் கதையும் சயனைட்டின் கதையும் படர்க்கையில் ஓடுகின்றன. மூவரும் ஒரே பெண்தான் என்பது போகப்போகத் தெரிகிறது. அந்த இடமே போதும், பலர் அங்கேயே எழுந்து நின்று கைதட்டிவிடுவார்கள். ஆனால் 'நீ' எதற்கு? எனக்கு முதலில் எரிச்சலாகத்தான் இருந்தது. முன்னிலையில் எழுதுவது இப்போது ஒரு மோஸ்தர், சரி, இவரும் செய்து பார்க்கிறார் போல என்று கடந்து போனேன்.

மூன்றாம் நாவலின் கடைசிப் பக்கங்களில் அதற்குக் காரணம் வருகிறது. கதை சொல்வது ஹோவா. கல்தின்னி இனத்தவன், நாற்பதாயிரம் ஆண்டு வாழ்ந்தவன். எஸ்சுன் கல்லாக உறைந்து இறந்துபோகிறாள். பின் கல்தின்னியாக அவள் மறுபடி உருவாகும்போது தான் யார் என்பதை மறந்துவிடக்கூடும். அவன் பக்கத்தில் உட்கார்ந்து அவள் வாழ்க்கையை அவளுக்கே சொல்லிக்கொண்டிருக்கிறான். நாம் படித்த மூன்று நாவல்களும் அந்தச் சொல்லல்தான். இறந்தவளை அவளாகவே திரும்ப எழுப்புவதற்காகச் சொன்ன கதை. 'நீ' என்பது வாசகனைச் சீண்டும் உத்தி என்று நினைத்துக்கொண்டிருந்தோம். அது ஒருவன் தனக்குப் பிரியமானவளின் காதருகே பேசும் பேச்சு. இதைப் படித்த இரவு நான் முதல் பாகத்தை எடுத்து முதல் அத்தியாயத்தைத் திரும்பப் படித்தேன். ஒரு சொல்கூட மாறவில்லை, ஆனால் ஒவ்வொரு வரியிலும் குரல் மாறியிருந்தது. முடிவு வந்து தொடக்கத்தைத் திருத்தி எழுதுகிறது. இதைச் 'சினிமா' என்கிறார் நண்பர். எந்தச் சினிமா என்று சொன்னால் நானும் போய்ப் பார்ப்பேன்.

இரண்டாவது கணக்கு இன்னும் கடினமானது. டமாயாவைப் பயிற்சிக்கூடத்துக்குக் கூட்டிப்போகும் ஷாஃபா என்ற காவலன், வழியில் அவள் கையை வேண்டுமென்றே உடைக்கிறான். வலியிலும் அவள் தன் சக்தியை அடக்கிக்கொள்கிறாளா என்று பார்க்கும் சோதனை அது. அன்பாகப் பேசிக்கொண்டே உடைக்கிறான். பல ஆண்டுகள் கழித்து அதே டமாயா, எஸ்சுன் என்ற பெயரில் தாயாகி, தன் மகள் நாசுனை யாரும் கண்டுபிடித்துக் கொன்றுவிடக் கூடாது என்பதற்காக ரகசியமாகப் பயிற்சி கொடுக்கிறாள். அப்போது அவளும் மகளின் கையை உடைக்கிறாள். அதே சோதனை. தனக்கு நடந்ததை அப்படியே கைமாற்றி விடுகிறாள்.

மகள் இதை மன்னிக்கவில்லை. மன்னிக்க வேண்டும் என்று நாவலும் சொல்லவில்லை. மூன்று பாகங்களும் தாய் மகளைத் தேடிப் போகும் பயணம்தான். தேடிக் கண்டுபிடித்ததும் கட்டியணைத்து அழுவார்கள் என்று நாம் எதிர்பார்ப்போம், தமிழ் நாடகமேடை நமக்கு அப்படித்தான் பழக்கியிருக்கிறது. இங்கே அவர்கள் சந்திக்கும்போது எதிரெதிர் நிற்கிறார்கள். தாய்க்கு, எப்போதோ சுற்றுப்பாதையிலிருந்து எறியப்பட்ட நிலவைத் திரும்பப் பிடித்து வந்து பூமியை அமைதிப்படுத்த வேண்டும். மகளோ நெடுநாள், அந்த நிலவைப் பூமியின் மேலேயே மோதவிட்டு எல்லாவற்றுக்கும் முற்றுப்புள்ளி வைக்கலாம் என்று இருந்தவள். கடைசிக் கட்டத்தில் அவள் திட்டம் மாறுகிறது என்றாலும் அதுவும் மனித குலத்துக்கு நல்லதல்ல. அவளுக்கு வயது பத்தோ பதினொன்றோதான் இருக்கும். உலகத்தை ஏன் காப்பாற்ற வேண்டும் என்ற அவள் கேள்விக்கு, உள்ளபடியே, யாரிடமும் பதில் இல்லை. அண்ணனை அவள் பிறப்பதற்கு முன்பே இழந்தாள். தம்பியை அப்பா கொன்றார். அப்பாவை அவளே கொல்ல வேண்டி வந்தது. இப்படிப்பட்டவளிடம் போய் 'மனித குலம்' என்று பேச யாருக்குத் தகுதி?

ஜெமிசின் அவளுக்குப் பிரசங்கம் செய்யவில்லை. தாயும் மகளும் ஒரே சக்தியைப் பிடித்து இழுக்கிறார்கள். இழுத்துக்கொண்டே இருந்தால் இருவரும் சாவார்கள். தாய் விட்டுவிடுகிறாள். ஜெயிக்க முடியாமல் விடவில்லை, இன்னொரு பிள்ளையைத் தன் கையால் சாகவிட முடியாது என்பதால் விடுகிறாள். ஏற்கெனவே ஒரு பிள்ளையை, பிடித்துக்கொண்டுபோய் நாற்காலியில் கட்டிவிடுவார்களே என்று, தன் கையாலேயே மூச்சடைத்துக் கொன்றவள் அவள். இப்போது மகளைப் பார்த்தபடியே கல்லாகிறாள். மகள், யாரும் சொல்லாமல், தாய் தொடங்கியதை எடுத்துச் செய்து முடிக்கிறாள். நிலவு திரும்புகிறது.

இந்த இடத்தைத்தான் 'நிறைவு' என்கிறேன். சந்தோஷம் என்று சொல்லவில்லை. எஸ்சுனின் வயிற்றில் ஒரு கரு இருந்தது, அதுவும் போனது. அந்தக் கருவின் தகப்பன் வழியிலேயே இறந்துவிட்டான். மறுநாளே பயிர் முளைத்துப் பூ பூக்கவில்லை. ஆனால் கையை உடைத்துப் பிள்ளையைக் காப்பாற்ற நினைத்த ஒருத்தி, கையை விட்டுப் பிள்ளையைக் காப்பாற்றுகிறாள். முதல் நாவலில் திறந்த கணக்கு மூன்றாவதில் இங்கே மூடப்படுகிறது. இதை எழுதிக்கொண்டிருந்த காலத்தில் ஜெமிசின் தன் தாயை இழந்தார் என்பதை நூலின் நன்றியுரையில் சொல்கிறார். அந்தத் தகவல் இல்லாமலும் அந்தப் பக்கங்கள் நிற்கும். தெரிந்த பின் இன்னும் கொஞ்சம் மெதுவாகப் படிப்போம்.

சரி, திறந்த முடிவுக்கு வருவோம்.

நம் சிறுகதைப் பட்டறைகளில் புதிதாக எழுத வருகிறவர்களுக்கு முதலில் சொல்லிக்கொடுப்பது, "முடிவை வாசகன்கிட்ட விட்டுடு." அதன் விளைவை நான் கையெழுத்துப் படிகளாகப் படித்துக்கொண்டிருக்கிறேன். கணவன் அடிக்கிறான், மனைவி கதவைத் திறக்கிறாள், மழை பெய்கிறது, முற்றும். அவள் போனாளா? "அது வாசகனின் ஊகத்துக்கு." அட, போங்கய்யா. வாசகனுக்கு ஊகிக்கத் தெரியும். எழுதியவருக்கு ஊகிக்கத் தெரியுமா என்பதுதான் சந்தேகம். அந்தப் பெண் கதவைத் தாண்டினால் எங்கே போவாள், யார் வீட்டில் தங்குவாள், பிள்ளையின் பள்ளிக்கூடம் என்ன ஆகும் என்று யோசிக்கச் சோம்பல்பட்டுத்தான் பல முடிவுகள் 'திறந்து' கிடக்கின்றன.

எல்லாத் திறந்த முடிவையும் நான் திட்டவில்லை. மார்கரெட் அட்வுட் 1985இல் எழுதிய 'தி ஹேண்ட்மெய்ட்ஸ் டேல்' நாவலில் கதாநாயகி ஒரு வண்டியில் ஏறுவதோடு அவள் குரல் நின்றுவிடும். விடுதலைக்கா, சாவுக்கா, தெரியாது. அந்த அறியாமையே அந்த அரசின் இயல்பு, ஆகவே அங்கே முடிவு அப்படித்தான் இருக்க முடியும். 2019இல் அட்வுட் 'தி டெஸ்டமன்ட்ஸ்' எழுதி அந்தக் கதவை மூடினார், புக்கர் பரிசும் பகிர்ந்துகொண்டார். எனக்கு முதலாவதுதான் மேல். அதேபோல், நம் ஆட்கள் திறந்த முடிவுக்கு எடுத்துக்காட்டாக அசோகமித்திரனைச் சொல்வார்கள். '18வது அட்சக்கோடு' நாவலின் கடைசியில் சந்திரசேகரன் ஓடுகிறான். ஆனால் எதைப் பார்த்துவிட்டு ஓடுகிறான் என்பதில் எந்தத் திறப்பும் இல்லையே. அந்த வீட்டில் அவன் பார்த்ததற்குப் பிறகு அவனால் பழைய சந்திரசேகரனாக இருக்க முடியாது. அதைவிட உறுதியாக ஒரு நாவலை எப்படி மூடுவது? நிதானமாக எழுதுகிறவரைப் பார்த்து 'முடிக்காதவர்' என்று புரிந்துகொண்டது நம் வாசிப்பின் கோளாறு.

துயர் உலகைக் காட்டும் கதைகளில் இந்தச் சோம்பல் இன்னும் வசதியானது. இருட்டை வர்ணிப்பது சுலபம். நாற்காலியில் ஒரு குழந்தையை உட்கார வைத்தால் யாருக்கும் நெஞ்சு அடைக்கும். அந்த நாற்காலி இல்லாத ஊரை எப்படிக் கட்டுவது, அதற்கு யார் என்ன விலை கொடுப்பது என்று யோசித்து எழுதத்தான் உழைப்பு வேண்டும். ஜார்ஜ் ஆர்.ஆர். மார்ட்டின் தன் வரிசையின் ஐந்தாம் பாகத்தை 2011இல் வெளியிட்டார். ஆறாவதற்காக வாசகர்கள் இன்னும் காத்திருக்கிறார்கள். அவர் சோம்பேறி என்று நான் சொல்ல மாட்டேன். அத்தனை கணக்கை ஏற்றிய பின் அதை அடைப்பது எவ்வளவு கடினம் என்பதற்கு அவர் சாட்சி. அவரை முந்திக்கொண்டு 2019இல் முடித்த தொலைக்காட்சித் தொடர் என்ன ஆனது என்று எல்லாருக்கும் தெரியும். கடைசிப் பருவத்தைத் திரும்ப எடுக்கச் சொல்லி ஒன்றரை மில்லியனுக்கு மேற்பட்டோர் கையெழுத்திட்டார்கள்.

அந்தக் கையெழுத்துகளைப் பார்த்துச் சிரித்தவர்களில் இலக்கியவாதிகள் அதிகம். எனக்குச் சிரிப்பு வரவில்லை. 'பொன்னியின் செல்வன்' 1954இல் முடிந்தபோது, இப்படிப் பாதியில் விட்டுவிட்டீர்களே என்று வாசகர்கள் கல்கிக்குக் கடிதம் எழுதினார்கள். முடிவுரையில் அவர் ஒவ்வொரு பாத்திரத்துக்கும் பிறகு என்ன ஆயிற்று என்று உட்கார்ந்து பதில் சொல்ல வேண்டி வந்தது. கேட்டவர்கள் முட்டாள்கள் இல்லை. வாராவாரம் மூன்றரை ஆண்டு கூடவே நடந்தவர்கள். கேட்க உரிமை உள்ளவர்கள்.

அவர்களிடமும் எனக்கு ஒரு சண்டை உண்டு. நிறைவு வேறு, நினைத்தது நடப்பது வேறு. நாசுனும் எஸ்சுனும் சேர்ந்து வாழ்ந்திருக்கலாமே என்று ஆதங்கப்படும் இளம் வாசகர்கள் இருக்கிறார்கள். கோலாலம்பூரில் ரயிலில் தடித்தடியான ஃபேன்டசி நாவல்களை மடியில் வைத்துக்கொண்டு போகும் நம் பிள்ளைகள். அவர்கள் படிப்பதைப் பார்த்தாலே எனக்கு மகிழ்ச்சி, நம் இலக்கியச் சந்திப்புகளில் அவர்களைக் காணோம் என்பது நம்முடைய நஷ்டம். ஆனாலும் சொல்வேன்: அம்மா பிழைத்திருந்தால் உடைந்த கை ஒரு சின்ன மனஸ்தாபமாகச் சுருங்கியிருக்கும். ஜெமிசின் அதைச் சுருக்கவில்லை.

இன்னொரு பழக்கத்தையும் எதிர்க்க வேண்டியிருக்கிறது. இந்தக் கதையைச் சொன்னதும் நம்மில் ஒருவர் கட்டாயம், "அட, இது நம்ம தோட்டக் கதைதானே" என்பார். நாற்காலிக் குழந்தையைப் படித்தபோது எனக்கும் சயாம் மரண ரயில்பாதை நினைவுக்கு வந்தது. 1942, 43ஆம் ஆண்டுகளில் 415 கிலோமீட்டர் பாதை போட மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டுபோகப்பட்ட தமிழர்களின் எலும்புகள் அந்தத் தண்டவாளத்தின் அடியில் கிடக்கின்றன. நினைவு வருவதில் தவறில்லை. ஆனால் ஜெமிசினின் கோபத்துக்கு ஒரு முகவரி இருக்கிறது, அது அமெரிக்காவின் முகவரி. 1856இல் மார்கரெட் கார்னர் என்ற அடிமைப் பெண் கென்டக்கியிலிருந்து தப்பி ஓடிப் பிடிபட்டபோது, மகள் மறுபடி அடிமையாகக் கூடாது என்று தானே கொன்றாள். டோனி மாரிசனின் 'பிலவ்ட்' நாவல் அங்கிருந்துதான் பிறந்தது. சயனைட் தன் பிள்ளையின் மூச்சை அடைக்கும் பக்கத்தைப் படிக்கும்போது இந்த வரலாறு பக்கத்தில் இருக்க வேண்டும். அதைத் தள்ளிவிட்டு நம் தாத்தாவின் படத்தை மாட்டினால் வாசிப்பு ஆகாது. அதோடு, 'ரோக்கா' என்ற சொல்லுக்குச் சமமான சொற்கள் தமிழிலேயே இருந்தன, இருக்கின்றன. தோட்டத்து லயங்களிலும் அவை ஒலித்தன. அவற்றைச் சொன்னவர்களும் தமிழர்கள்தான். இந்த நாவலில் நமக்கு எப்போதும் பாதிக்கப்பட்டவர் இடம்தான் கிடைக்கும் என்று யார் சொன்னது?

குறையே இல்லாத முடிவு என்று நான் விற்க வரவில்லை. மூன்றாம் நாவலில் ஹோவாவின் இளமைக்காலம், சில் அனஜிஸ்ட் என்ற பழைய நகரத்தின் கதை, அவசியமானதுதான். மனித உடல்களிலிருந்து சக்தியை உறிஞ்சி ஒளிர்ந்த நகரம் அது, நாற்காலிகளின் பூர்வீகம். ஆனால் அந்த அத்தியாயங்களில் ஜெமிசின் ஆசிரியையாகிவிடுகிறார். எந்திரம் எப்படி இயங்கியது, யார் யாரை எப்படி ஏமாற்றினார்கள் என்று அளவுக்கு மேல் விளக்கம். எஸ்சுனிடமிருந்து நம்மைப் பிரித்து வகுப்பறையில் உட்கார வைத்ததுபோல் இருந்தது.

அதைவிடப் பெரிய மனத்தாங்கல் ஷாஃபா. டமாயாவின் கையை உடைத்தவன், பிற்பாடு நினைவிழந்து, நாசுனுக்குத் தகப்பன்போல் ஆகிறான். அவளை உண்மையாகவே நேசிக்கிறான். கடைசியில் அவன் சாவை நாசுனின் துக்கத்தின் வழியாக மட்டுமே பார்க்கிறோம், நமக்கும் தொண்டை அடைக்கிறது. எஸ்சுன் அவனைக் கடைசியாகப் பார்க்கும்போது அவன் பேசும் நிலையில் இல்லை. கையை உடைத்தவனும் உடைபட்டவளும் நேருக்கு நேர் நின்று பேச, 1,300 பக்கத்தில் ஒரு பக்கம் இல்லை. என்னிடம் சிலர், அதுதான் நுட்பம், அதுதான் மௌனம் என்றார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. மற்ற எல்லாவற்றையும் திருப்பித் தந்துவிட்ட எழுத்தாளர் வைத்திருக்கும் பாக்கி அது, நோட்டில் அந்த ஒரு வரி இன்னும் அடிக்கப்படாமல் இருக்கிறது.